குசினி இல்லாத அறை

நிலவன்,

நீ சுகமாத்தான் இருக்கிறாய், எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்ரை வீட்டிலை ரெண்டாந்தரமும் கோப்பையை நீட்டிச் சோறு வாங்கிச் சாப்பிட்டவன் நீ. அதாலை சுகம் விசாரிச்சு நேரத்தைப் போக்காட்டாமல் நேரை விசயத்துக்கு வாறன். நீ ரத்துச் செய்த அறையை நான் திரும்பவும் எடுத்திட்டன். வியாழக்கிழமை தாய்லாந்துக்குப் போறன். என்ரை அக்கா, உன்ரை பெரியம்மா, கொழும்பிலை இருந்து வாறா. நாங்கள் ரெண்டு பேரும் பிரச்சுவாப் எண்ட அந்தச் சின்னக் கடற்கரை ஊரிலை, எட்டே எட்டு அறை இருக்கிற ஒரு விடுதியிலை, பன்னிரண்டு நாள் இருக்கப்போறம். வேறை ஒருத்தரும் வரக்கூடாது. நீயும்தான்.

உன்னோடை வாய்க்கு வாய் கதைச்சு என்னாலை வெல்லேலாது, அதுதான் எழுதுறன். நான் தமிழிலை தொடங்க நீ பிரெஞ்சிலை மறுமொழி சொல்லுவாய். நான் அதுக்கொரு சொல்லைத் தேடிப் பிடிக்க முதல் "சே பொன், அம்மா", அதாவது சரி விடுங்கோ எண்டு கதையை மூடிப்போட்டுக் கார்த் திறப்பை எடுத்திடுவாய். தமிழெண்டால் உனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். நல்லது, ஆறுதலா வாசி. சனிக்கிழமை சனிக்கிழமை உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதுக்கு இண்டைக்குத்தான் பலன். இன்னுமொண்டு. இந்தக் கடிதத்தை ஒற்றை ஒற்றையாப் படம் எடுத்துக் குடும்ப வாட்சப்பிலையும் போடப்போறன். லண்டன் சித்தப்பா வாசிக்கட்டும், கனடா மாமி வாசிக்கட்டும், உன்ரை அப்பா அடுத்த அறையிலை இருந்துகொண்டு வாசிக்கட்டும். பிறகு ஆரும் "எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை" எண்டு முகத்தைத் தூக்கக்கூடாது.

இப்ப லா சப்பலிலை, எங்கடை தமிழ்க் கடைத் தெருவிலை, மெத்ரோ றெயில் நிலையத்துக்கு முன்னாலை ஒரு கபேயிலை இருந்து எழுதுறன். இதுக்கு முதல் பலசரக்குக் கடைக்குப் போனனான், பெரியம்மான்ரை முழங்காலுக்குப் பூசிற எண்ணெய் வாங்க. தாய்லாந்துக்குப் போறன் எண்டு வாய்விட்டதுதான், கடைக்காரத் தம்பி மிளகாய்த்தூள் பையைத் தூக்கி மேசையிலை வைச்சிட்டார். "எத்தினை கிலோ அக்கா? போன கிழமை ஒரு குடும்பம் ஆறு கிலோ கொண்டு போனது" எண்டார். ஒரு கிராமும் வேண்டாம் எண்டன். "அப்ப அங்கை என்னத்தைச் சாப்பிடுவியள்?" எண்டு கேட்டார். அவங்கள் தாறதை எண்டன். பின்னுக்கு நிண்ட மனுசி என்னை ஏற இறங்கப் பார்த்தா. பார்க்கட்டும். எங்கடை சனம் உலகத்திலை எந்தக் கடற்கரைக்குப் போனாலும் முதல் கேக்கிறது அடுப்பு இருக்கோ எண்டுதான். சூட்கேசிலை பாதி சோறு அவிக்கிற மெசின், மற்றப் பாதி தூள். பதினாலு பேருக்கு ஒரு வீடு எடுப்பினம். ஆம்பிளையள் கடலிலை குளிப்பினம், பொம்பிளையள் நண்டு கழுவுவினம். திரும்பி வந்து எல்லாரும் நல்லா ஓய்வெடுத்தம் எண்டு சொல்லுவினம்.

நீ கெட்டது நினைச்சுச் செய்யேல்லை, அது எனக்கு விளங்குது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையிலை "அம்மாவுக்கு ஒரு சந்தோசமான செய்தி" எண்டு போனைத் திருப்பிக் காட்டினாய். ஆறு அறை வீடு, நீச்சல் குளம், வாசலிலை ரெண்டு தென்னை. சித்தப்பா குடும்பம், மாமி குடும்பம், நீ, உன்ரை மனுசி ஷாலினி, அப்பா, நான், பெரியம்மா, எல்லாமாப் பதினாலு பேர். "அந்தச் சின்ன அறையை ரத்துச் செய்திட்டன் அம்மா. ரெண்டு வயசுபோன ஆக்கள் தனிய என்ன செய்யப்போறியள்? இஞ்சை பாருங்கோ குசினியை, ஆறு அடுப்பு!" அந்த ஆறு அடுப்பைச் சொல்லேக்கை உன்ரை முகத்திலை இருந்த சந்தோசப் புழுகத்தை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். எனக்கு ஒரு பதக்கம் சங்கிலி வாங்கித் தந்த மாதிரிச் சொன்னாய். என்ரை போனிலை இருக்கிற கடவுச்சொல் எல்லாம் உனக்குத் தெரியும், நான்தான் தந்தனான், அது என்ரை பிழை. அப்ப நான் எழும்பிப்போய்ப் பாயாசத்தைக் கொண்டுவந்து எல்லாருக்கும் ஊத்தினன். அதுவும் என்ரை பிழை. அந்தப் பாயாசத்தை நிலத்திலை ஊத்தியிருக்கவேணும்.

2011ஆம் ஆண்டு தாய்லாந்துக்குப் போனது உனக்கு நினைவிருக்கும், உனக்கு அப்ப பத்தொன்பது வயசு. எனக்கு அகதிப் பாஸ்போட், இலங்கைக்குப் போகேலாது. அக்காவுக்கு இஞ்சை வர விசா இல்லை. அதாலை நடுவிலை ஒரு நாட்டிலை சந்திக்கிறது எண்டு முடிவெடுத்தம். அக்கா வன்னியிலை இருந்து, 2009இலை சண்டை முடியேக்கை வெளியிலை வந்தவ. மனுசன் முதலே செத்திட்டார். மகன் கூட வந்தான். மகள் கௌரி வரேல்லை. கௌரிக்கு இருவத்திரண்டு வயசு. என்ன நடந்தது எண்டு எங்களிலை ஒருத்தருக்கும் தெரியாது. "கடற்கரையிலை" எண்டு மட்டும் அக்கா சொல்லுவா, அதுக்குமேலை வாய் திறக்கமாட்டா. அந்த முறை இடம் பார்த்தது நான். என்ன பார்த்தன் தெரியுமோ? குசினி பெரிசோ, சட்டி பானை இருக்கோ, மீன் சந்தை கிட்டவோ, இதைத்தான் பார்த்தன். அக்கா எத்தினையோ மாசம் முகாமிலை வரிசையிலை நிண்டு சாப்பிட்டவ, அவவுக்கு என்ரை கையாலை சமைச்சுப் போடவேணும் எண்டு நான் ஒற்றைக்காலிலை நிண்டன். அவவைப் பார்க்க லண்டனிலை இருந்தும் கனடாவிலை இருந்தும் வந்த எல்லாருக்கும் சேர்த்துச் சமைச்சன். விடியப் புட்டு, மத்தியானம் நண்டுக் கறி, பின்னேரம் வடை. பத்து நாளும் அதுதான்.

அக்கா ஒவ்வொரு நாளும் குசினி வாசலிலை வந்து நிப்பா. "வாவன், உதிலை கடல்மட்டும் நடந்திட்டு வருவம். ரெண்டு வருசமா நான் கடலைப் பார்க்கேல்லை. உன்னோடை எண்டால் பார்ப்பன்." நான் "இந்தக் கறியை இறக்கிப்போட்டு வாறன்" எண்டுவன். கறியை இறக்க இன்னொரு சட்டி ஏறும். ஒன்பதாம் நாள் அவ உள்ளுக்கு வந்து என்ரை கையைப் பிடிச்சா. "உன்னட்டை ஒண்டு சொல்லவேணும். கௌரியைப் பற்றி." நான் என்ன சொன்னன் எண்டு எழுத எனக்குக் கை கூசுது. "அக்கா, புட்டு அவியுது. பின்னேரம் இருந்து கதைப்பம்" எண்டனான். பின்னேரம் வீடு நிறையச் சனம், படம் எடுக்கிறதும் பகிடியும். அடுத்த நாள் விமான நிலையத்திலை அவ என்ரை தலையைத் தடவி, "பரவாயில்லை, நீ நல்லாக் களைச்சுப்போனாய்" எண்டு சொல்லிப்போட்டுப் போனா. பிள்ளையைப் பறிகுடுத்தவ எனக்கு ஆறுதல் சொல்லிப்போட்டுப் போறா! நான் விமானத்திலை அழுதன். நீ காதிலை பாட்டு மாட்டிக்கொண்டு நித்திரை.

பிறகு போனிலை எத்தினை தரம் கேட்டிருப்பன். "போனிலை சொல்லுற கதையில்லையடி" எண்டுவா. பிரெஞ்சுப் பாஸ்போட் கிடைச்ச பிறகு 2019இலை நானே நேரை போனன். அங்கையும் அதே கூத்து. பிரான்ஸ் அன்ரி வந்திட்டா எண்டு வாசல் நிறைய ஆக்கள், நான் குசினியிலை. ஒரு நாள் கிணத்தடியிலை வைச்சுக் கேட்டன். "இஞ்சை வேண்டாம். மகன் கேட்டால் தாங்கமாட்டான்" எண்டு குரலைக் குறைச்சுச் சொன்னா. இந்த வருசம் தை மாசம் அவவே எனக்குப் போன் எடுத்தா. எழுவது வயசாகுது. மருந்தை வைச்ச இடம் மறக்குதாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ரை பேர் மறக்குதாம். ஆஸ்பத்திரியிலை காட்டினால், இது இனிக் கூடிக்கொண்டுதான் போகும் எண்டிட்டினமாம். "கௌரியின்ரை கதையை மறக்க முதல் ஒருத்தரிட்டைச் சொல்லிப்போட வேணும். உன்னட்டைத்தான் சொல்லுவன். எங்களைத் தெரிஞ்ச ஒருத்தரும் இல்லாத ஊருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ. கடல் இருக்கவேணும், ஆனால் அந்தக் கடலாய் இருக்கக்கூடாது" எண்டு சொன்னா. இதைத்தான் நீ ரத்துச் செய்தனி. உனக்குத் தெரியாது, நான் உனக்குச் சொல்லேல்லை. இப்ப சொல்லிப்போட்டன்.

இடம் எப்பிடித் தெரிவு செய்தனான் எண்டும் கேள், ஏன் எண்டால் "அம்மாவுக்கு ஹொட்டல் பற்றி என்ன தெரியும்" எண்டு நீ ஷாலினிக்குச் சொன்னது என்ரை காதிலை விழுந்தது. மோனை, நான் இருவத்திமூண்டு வருசம் கார் து நோர் றெயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஹொட்டலிலை அறை துப்புரவாக்கினவள். உனக்கு நீச்சல் குளத்தின்ரை படம் காட்டினால் மயங்குவாய். நான் குளிக்கிற அறையின்ரை மூலையைப் பெருப்பிச்சுப் பார்ப்பன். ஓட்டுக்கு ஓடு நடுவிலை கறுப்பு இருந்தால் அங்கை வேலை செய்யிற பொம்பிளைக்கு நேரம் குடுக்கிறாங்கள் இல்லை எண்டு அர்த்தம். கட்டிலிலை துவாயாலை அன்னம் செய்து வைச்சிருந்தால் அந்த இடம் எனக்கு வேண்டாம். அந்தக் கண்டறியாத அன்னத்தை எத்தினை ஆயிரம் தரம் மடிச்சிருப்பன், அது மடிக்கிற நேரத்துக்கு ஒரு யன்னல் துடைக்கலாம். யன்னல் திறக்குமோ எண்டு பார்ப்பன். திறக்காத யன்னலுக்குள்ளை இருந்து கடலைப் பார்க்கிறதுக்கு எங்கடை லா கூர்னெவ் வீட்டிலை இருந்து தொலைக்காட்சியிலை பார்க்கலாம். அறை மின்தூக்கிக்குப் பக்கத்திலை எண்டால் தள்ளு, காலமைச் சாப்பாட்டு அறைக்கு மேலை எண்டாலும் தள்ளு, கதிரை இழுக்கிற சத்தத்திலை ஆறு மணிக்கு எழும்பவேண்டி வரும். வந்து தங்கினவை எழுதிற கருத்துகளிலை புகழ்ந்து எழுதினதை நான் வாசிக்கிறேல்லை. கோவிச்சு எழுதினதை வாசிப்பன். "இஞ்சை ஒண்டும் செய்ய இல்லை, பின்னேரம் எட்டு மணிக்கே ஊர் அடங்கீடும்" எண்டு ஒரு ஜெர்மன்காரன் பிரச்சுவாப்பைப் பற்றித் திட்டி எழுதியிருந்தான். அந்த நிமிசமே ஊரை முடிவு செய்திட்டன்.

ஊருக்குள்ளை மூண்டு இடம் பார்த்தன். ஒண்டு உயரமான கட்டிடம், முன்னுக்குப் பெரிய வரவேற்பு மண்டபம், வேண்டாம். மற்றது தனித்தனிச் சின்ன வீடு, வடிவான முற்றம், ஆனால் ஒவ்வொண்டிலையும் குசினி. எனக்கு என்னைத் தெரியும் தம்பி. அடுப்பைக் கண்டால் என்ரை கை சும்மா இராது. "அக்காவுக்கு ஒரு ரசம் வைப்பம்" எண்டு தொடங்குவன், பிறகு முடிஞ்சுது. மூண்டாவது இந்த விடுதி. ஒரு தெருவைத் தாண்டினால் கடல். படத்திலை பின் வளவிலை கம்பியிலை வெள்ளை விரிப்புகள் வெய்யிலிலை காயுது, அதைப் பார்த்ததும் எனக்கு மனம் நிறைஞ்சு போச்சு. நடத்துறது என்ரை வயசு மதிக்கக்கூடிய ஒரு தாய்லாந்து மனுசி. போனிலை மொழிபெயர்த்து எழுதிக் கேட்டன், அறையிலை சமைக்க வசதி இருக்கோ எண்டு. பாவம், மூண்டு தரம் மன்னிப்புக் கேட்டு மறுமொழி போட்டிருந்தா. குசினி இல்லையாம், காலமை தான் அரிசிக் கஞ்சி வைச்சுத் தருவாவாம், மற்ற நேரம் சந்தையிலை சாப்பிடவேணுமாம், மத்தியானத்திலை அங்கை சத்தமே இருக்காதாம். உடனை எடுத்தன். நீ ரத்துச் செய்த அடுத்த நாள் நான் திரும்ப எழுத, "ஏதோ பிழையாக்கும் எண்டு நினைச்சு அறையை ஒருத்தருக்கும் குடுக்கேல்லை" எண்டு எழுதியிருந்தா. என்னைக் கண்டறியாத மனுசிக்கு விளங்கினது பெத்த பிள்ளைக்கு விளங்கேல்லை எண்டு எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்லை.

தனிய எண்டு பயப்பிடுறாய் என்ன? நான் உன்ரை அப்பாவைக் காணுறதுக்கு முதலே, இருவத்தெட்டு வயசிலை, ஆற்றையோ பேர் போட்ட பாஸ்போட்டோடை மூண்டு நாடு கடந்து தனிய வந்தவள். உன்ரை பெரியம்மா கழுத்தளவு தண்ணியிலை, தலைக்கு மேலாலை ஷெல் போக, நடந்து வந்தவ. அவவோ தாய்லாந்து றெயிலிலை ஏறப் பயப்பிடுவா? எங்களுக்கு என்ன நடக்கும் எண்டு நீ நினைக்கிறாய்? முழங்கால் நோகும், இருப்பம். பசிக்கும், றோட்டிலை வாங்கிச் சாப்பிடுவம். அந்த ஊர் மலையிலை குரங்குகள் இருக்காம், கையிலை இருக்கிறதைப் பறிக்குமாம். பறிக்கட்டும்.

அப்பான்ரை சாப்பாட்டைப் பற்றியும் கவலைப்பட்டனி. ஐயோ பாவம் எண்டு நீ சொல்லேக்கை எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போச்சு. உன்ரை அப்பா இருவத்தாறு வருசம் ஒரு பிரெஞ்சு உணவகத்திலை சமையல்காரன். வெள்ளையள் கை தட்டிக் கூப்பிட்டுக் கை குலுக்கின சமையல்காரன். வீட்டு வாசல்படியிலை கால் வைச்சவுடனை மட்டும் அவருக்குத் தேத்தண்ணி ஊத்தத் தெரியாமல் போயிடும். அது என்ன மாயமோ! அதை முப்பது வருசத்துக்கு மேலை வளர்த்துவிட்டது நான்தான், நானே ஒப்புக்கொள்ளுறன். அவர் வேலையாலை களைச்சு வாறார் எண்டு சொல்லிச் சொல்லி, நானும் வேலையாலை இடுப்பு நோவு, நாரி உளைவோடை வாறனான் எண்டதை நான் மறந்துபோனன். உன்ரை ஆறு அடுப்பு வீட்டை நீ ரத்துச் செய்யவேண்டாம். பன்னிரண்டு பேரும் போங்கோ. அப்பா சமைக்கட்டும், நீ வெங்காயம் உரி. நண்டு கழுவேக்கை கையைக் கவனம்.

உனக்கு ஒரு புத்தி மட்டும் சொல்லுறன், மிச்சத்தை நீயே கண்டுபிடி. ஷாலினியோடை எங்கையாவது போகப் போனால், இடம் பார்க்க முதல் அவளைக் கேள். "எங்கை போவம்" எண்டு கேளாதை, அவள் உனக்குப் பிடிச்சதைச் சொல்லுவாள். "என்ன செய்யாமல் இருக்க உனக்கு விருப்பம்" எண்டு கேள். என்னை ஒருத்தரும் அப்பிடிக் கேட்கேல்லை, நானும் என்னைக் கேட்கேல்லை. நான் எப்பவும் அடுப்படியிலை நிண்டதைப் பார்த்து வளர்ந்தபடியால்தான், பெரிய குசினி தந்தால் அம்மாவுக்குச் சந்தோசம் எண்டு நினைச்சாய். உன்னிலை எனக்குக் கோவம் பாதிதான். மற்றப் பாதி என்னிலை. ஞாயிற்றுக்கிழமை கோப்பை கழுவேக்கை ஷாலினி என்ரை பக்கத்திலை வந்து, "மாமி, நான் எண்டால் போவன்" எண்டு சொன்னாள். அதுக்காக அவளோடை சண்டை பிடிச்சியோ, நான் பன்னிரண்டு நாளை இருவத்திநாலாக்கிப் போடுவன். அறையைத் திரும்ப எடுத்தது என்ரை விரலாலை, கடவுச்சொல் எல்லாத்தையும் மாத்தினதும் நான்தான்.

கனடா மாமி இப்பவே வாட்சப்பிலை எழுதத் தொடங்கியிருப்பா, "எங்களுக்கும் அக்காவைப் பார்க்க ஆசை இருக்காதோ" எண்டு. இருக்கும், மச்சாள். 2011இலை பத்து நாள் பார்த்தனீங்கள். நாங்கள் எல்லாரும் அவவைச் சுத்தி இருந்து, அவவோடை படம் எடுத்து, அவவுக்குச் சாப்பாடு தீத்தி, அவவை ஒரு சொல் சொல்ல விடேல்லை. அவ பிள்ளையைப் பற்றிக் கதைச்சால் எங்கடை விடுமுறை குழம்பிப்போயிடும் எண்டு எங்கள் எல்லாருக்கும் உள்ளுக்குள்ளை ஒரு பயம் இருந்தது. நான் சட்டிக்குப் பின்னாலை ஒளிச்சன், நீங்கள் படம் எடுக்கிறதுக்குப் பின்னாலை ஒளிச்சியள். உண்மையைச் சொன்னால் ஆருக்காவது கோவம் வரும் எண்டால், வரட்டும். எனக்கு அறுவத்திரண்டு வயசு, இனி ஆற்றையும் முகம் பார்த்து நடக்க எனக்கு நேரமில்லை.

நிலவன், வியாழக்கிழமை விமான நிலையத்துக்கு என்னைக் கொண்டுபோய் விட விரும்பினால் வா, வழியிலை பாடம் எடுக்கிறது எண்டால் வரவேண்டாம், நான் றெயிலிலை போவன். அங்கை போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி போடுவன், அதோடை போனை நிப்பாட்டி அலுமாரிக்குள்ளை வைச்சிடுவன். கௌரிக்கு என்ன நடந்தது எண்டு திரும்பி வந்ததும் என்னட்டைக் கேளாதை. அதைச் சொல்லுறதோ விடுறதோ அக்காவின்ரை விருப்பம். அவ முதல் நாளே சொல்லலாம், பதினோராம் நாள் சொல்லலாம், அங்கை வந்து சேருறதுக்குள்ளை பாதியை மறந்தும் போயிருக்கலாம். மறந்திருந்தால் மிச்சம் இருக்கிற பாதியைக் கேட்பன். அவ வாய் திறக்கிற நேரம் நான் அவவுக்குப் பக்கத்திலை இருப்பன். இந்த முறை எழும்பமாட்டன்.

அம்மா